பழைய கதவு, ஜன்னல்களைத் தாமரையால் இணைப்பது

ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "புது வீடு கட்டுகிறோம். காரைக்குடி போய் இரண்டு பழைய கதவுகளும் நான்கு ஜன்னல்களும் வாங்கினோம். ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. வீடு மரக்கடை மாதிரி ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது."

நல்ல கேள்வி. வேறு வேறு வீட்டிலிருந்து வந்தவை எப்படிப் பொருந்தும்? அளவையும் நிறத்தையும் ஒன்றாக்கப் பார்க்காதீர்கள். எல்லாவற்றிலும் கண்ணை வைத்துத் தேடி, திரும்பத் திரும்ப வருகிற ஒரு உருவத்தைப் பிடியுங்கள். செட்டிநாட்டுக் கதவென்றால் அது பெரும்பாலும் தாமரைதான். பலகையின் நடுவில் விரிந்த பூவாக இருக்கும். நிலைக்கு மேலே கஜலட்சுமி இருந்தால், அவள் உட்கார்ந்திருப்பதும் தாமரையில்தான். இரண்டு பக்கமும் யானை நீர் வார்க்கும். சரி, தாமரை கிடைத்துவிட்டது என்றால் அதோடு நில்லுங்கள். ஒரே கூடத்தில் கிளி, யாளி, மயில் எல்லாம் சேர்ந்தால் எதுவும் கண்ணில் நிற்காது.

கஜலட்சுமி உள்ள நிலை தலைவாசலுக்கு. அதைக் கழற்றிக் கட்டிலுக்குத் தலைமாட்டுப் பலகையாக்குவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். வாசலில் நிற்பதற்காகச் செதுக்கியது அது. இரண்டாவது கதவு பூஜை அறைக்குப் போகட்டும்.

ஜன்னல்களில் வேலைப்பாடே இல்லையென்றால் அப்படியே விடுங்கள். புதிதாகத் தாமரை செதுக்கி ஒட்ட வேண்டாம். பழைய உளி வேலைக்குப் பக்கத்தில் அது தனியாகத் தெரியும். அதற்குப் பதில் ஜன்னலுக்குக் கீழே தரையில் பூ போட்ட ஆத்தங்குடி கல் (டைல்ஸ்) நான்கு வரிசை பதியுங்கள். கண்ணாடி மேல் கையால் வண்ணம் ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டு வார்க்கிற கல் அது. சூளையில் சுடுவதில்லை. கையால் வார்ப்பதால்தான் அந்தப் பூவிலும் கதவுப் பூவைப் போலவே கைவேலையின் சின்னச் சின்ன வித்தியாசம் தெரியும். மற்ற இடத்தில் வெறும் சிவப்புக் கல் போதும்.

அப்புறம் பெயிண்ட். பச்சை, நீலம் என்று பல பூச்சு ஏறியிருக்கும். காய்ந்த பெயிண்டை மிஷின் வைத்துத் தேய்க்கவே கூடாது, பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பெயிண்ட் ரிமூவர் தடவி, ஈரமாகவே சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள். குழந்தைகள் பக்கத்தில் இருக்க வேண்டாம். பர்மா தேக்காக இருந்தால் அதன்பின் ஆளிவிதை எண்ணெய் மட்டும் போதும். பளபளவென்று வார்னிஷ் அடித்தால் பூவின் இதழ் மங்கிப்போகும்.

பழைய கதவுகள் பல கீலில் தொங்குவதில்லை. மேலும் கீழும் மரக்குடுமி இருக்கும், அது குழியில் உட்கார்ந்து சுழலும். தச்சர் குடுமியை அறுத்துவிட்டுக் கீல் போடலாம் என்பார், சம்மதிக்காதீர்கள். உயரம் குறைவு என்று நிலையையும் வெட்டாதீர்கள். கதவுக்கு ஏற்றபடி சுவரில் வழி விடுவதுதான் முறை. இப்போதே நிலையின் உயரம், அகலம், கனம் மூன்றையும் அளந்து மேஸ்திரி கையில் கொடுத்துவிடுங்கள். சுவர் எழும்பும் முன்பே நிலை வந்து நிற்க வேண்டும்.