கஞ்சியில் கலந்த தண்ணீர்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். பொருளாதார மந்தம் வரும்போது சிறைவாசிகளை எப்படி நடத்துவது என்பது பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

1932 ஜனவரி. இங்கிலாந்தில் டார்ட்மூர் என்ற மேட்டுநிலத்துச் சிறை. காலையில் ஊற்றுகிற ஓட்ஸ் கஞ்சி நீர்த்துப்போய் வந்தது. கைதிகள் முறையிட்டார்கள். சில நாளில், 24ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, சிறையே அவர்கள் கைக்குப் போய்விட்டது. நிர்வாகக் கட்டடம் எரிந்தது. வெளியிலிருந்து போலீஸ் வந்த பிறகுதான் அடங்கியது.

கஞ்சி ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். உள்ளே ஏற்கெனவே பல புகைச்சல்கள் இருந்தன. ஆனால் அவை பற்றிக்கொண்ட இடம் தட்டு. விடிந்தது முதல் அடையும் வரை ஒரு சிறைவாசி எதிர்பார்த்திருக்க வேறு என்ன இருக்கிறது? ஒரு கடிதம், ஒரு முகம், ஒரு வேளைச் சோறு. அதிலும் தண்ணீர் கலந்தால், 'உன்னை நாங்கள் மறந்துவிட்டோம்' என்று அரசு சொல்வதாகத்தான் அவன் எடுத்துக்கொள்வான்.

அந்த ஆண்டைக் கவனியுங்கள். 1929இல் தொடங்கிய பெருமந்தம் என்ற பொருளாதார வீழ்ச்சி உலகத்தையே கவ்வியிருந்த நேரம். அடுத்த ஆண்டு, 1933இல், அமெரிக்காவில் உழைக்கும் மக்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. நேற்றுவரை சம்பளம் வாங்கிய ஆள் இலவசச் சூப்புக்கு வரிசையில் நின்றான். அப்போது எழுந்த கேள்வி எந்த மந்தத்திலும் எழும்: "தப்பே செய்யாதவன் பட்டினி கிடக்கிறான், சிறையில் இருப்பவனுக்கு மூன்று வேளையா?"

இந்தக் கேள்வியைக் கேட்பவரைக் கல்நெஞ்சர் என்று ஒதுக்கிவிட முடியாது. பெரும்பாலும் அவரே பசித்தவர். இந்த எண்ணத்துக்கு நீண்ட வரலாறும் உண்டு. 1834இல் இங்கிலாந்தில் திருத்திய ஏழைகள் சட்டம், அரசு உதவி பெறுபவனின் வாழ்வு உழைத்துப் பிழைக்கும் கடைசி ஏழையின் வாழ்வைவிடத் தாழ்ந்தே இருக்க வேண்டும் என்று வைத்தது. ஏழைகள் விடுதிக்கு வைத்த அந்த அளவுகோல் சிறைக்கும் வந்து சேர்ந்தது. மந்தத்தின் நடுவில், 1933இல், கியோர்க் ரூஷே என்ற ஜெர்மானிய அறிஞர் அதன் கசப்பான கணக்கை விளக்கினார்: வெளியே கடைசி ஏழை எவ்வளவு கீழே போகிறானோ, சிறை அதற்கும் கீழே போக வேண்டியிருக்கும். அப்படியானால் வெளியே பட்டினி என்றால் உள்ளே என்ன? சாவுதானே?

என் பதில் இதுதான். வெளியே இருக்கும் ஏழைக்குக் கால்கள் இருக்கின்றன. வேறு ஊருக்குப் போவான், நாலு கதவைத் தட்டுவான், உறவினரிடம் கையேந்துவான். போதாதுதான். ஆனாலும் அவன் கையில் ஏதோ ஒன்று மிச்சம் இருக்கிறது. சிறைவாசியிடமிருந்து அதை நாம் சட்டப்படி எடுத்துக்கொண்டோம். ஒருவனுடைய கையைக் கட்டிப்போட்டவன்தான் அவனுக்கு ஊட்டவும் வேண்டும். அதில் கருணை பாதி, கடன் பாதி. வளம் போதவில்லை என்று சொல்லி மனித உரிமையை மீறும் சிறை நிலைமைகளை நியாயப்படுத்த முடியாது என்று 2006ஆம் ஆண்டின் ஐரோப்பியச் சிறை விதிகள் நான்காம் விதியிலேயே சொல்லிவிட்டன.

நம் மணிமேகலை இதை எப்போதோ செய்து காட்டினாள். அமுதசுரபியோடு அவள் சிறைக்கோட்டத்துக்குள் போய் உள்ளிருந்தோரின் பசியைத் தீர்த்தாள். பிறகு அரசனிடம் கேட்ட வரம், அந்தச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்க வேண்டும் என்பது. ஆனால் அவள் பாத்திரம் வற்றாதது. நம் கருவூலப் பாத்திரம் வற்றும். வற்றும் காலத்தில் எதைச் செய்வது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் கூட்டம். அமெரிக்காவின் மாநில, மத்தியச் சிறைகளில் 1925இல் இருந்தவர்கள் சுமார் 92,000 பேர். 1939இல் சுமார் 1,80,000 பேர். ஏறக்குறைய இரட்டிப்பு. இந்த நெரிசல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ஒஹாயோ மாநிலம் 1930 ஏப்ரல் 21 இரவு பார்த்தது. கொலம்பஸ் நகரத்துச் சிறை 1,500 பேருக்குக் கட்டியது. அன்று இருந்தவர்கள் சுமார் 4,300 பேர். தீப்பிடித்தபோது அவர்கள் பூட்டிய அறைகளுக்குள் இருந்தார்கள். 322 பேர் மாண்டார்கள். பூட்டிய கம்பிக்குப் பின்னால் புகை ஏறிவரும்போது ஒரு மனிதன் யாரைக் கூப்பிடுவான்? அந்த இரவை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. மறு ஆண்டு ஒஹாயோவில், சிறைவாசிகளை நிபந்தனையோடு முன்கூட்டியே வெளியே விடும் பரோல் வாரியம் அமைந்தது. அத்தனை பேர் சாகாமலே அமைத்திருக்கலாம்.

கூட்டத்தைக் குறைப்பது என்றதும் கொலைகாரர்களைத் திறந்துவிடச் சொல்கிறான் என்று யாரும் நினைக்க வேண்டாம். மந்த காலத்தில் சிறைக்குள் வரும் பலர் பணமில்லாத காரணத்துக்காகவே வருகிறார்கள். அபராதம் கட்ட முடியாதவர், ஜாமீன் தொகை புரட்ட முடியாதவர். இவர்களை உள்ளே வைத்துச் சோறு போடுவதற்கு ஆகும் செலவு, கட்டாத அபராதத்தைவிட அதிகம். பிரிட்டன் 1935இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அபராதம் கட்டாதவரைச் சிறைக்கு அனுப்பும் முன், கட்ட அவருக்கு வசதி உண்டா என்று நீதிமன்றம் விசாரித்தாக வேண்டும். இவ்வளவுதான் சட்டம். அதன்பின் அந்த வகையில் சிறைக்கு வந்தவர்கள் கணிசமாகக் குறைந்தார்கள். தட்டில் கை வைக்காமல் செலவைக் குறைக்கும் வழி இப்படித்தான் இருக்கும்.

அடுத்தது வேலை. சாப்பாட்டைப் பற்றிப் பேசும் நாம் வேலையைப் பற்றிப் பேசுவதில்லை. அன்றைய அமெரிக்கச் சிறைகளில் செருப்பு, சட்டை, துடைப்பம், கயிறு எல்லாம் செய்து வெளிச்சந்தையில் விற்றார்கள். மந்தம் வந்ததும் தொழிற்சங்கங்களும் சிறு முதலாளிகளும் கொதித்தார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. கூலியே இல்லாமல் செய்த சட்டையோடு, கூலி கொடுத்துச் செய்த சட்டை எப்படிப் போட்டி போடும்? 1929இல் இயற்றி 1934இல் நடைமுறைக்கு வந்த ஹாஸ்-கூப்பர் சட்டம், சிறைப்பொருள்களைத் தடுக்கும் அதிகாரத்தை மாநிலங்களுக்குத் தந்தது. 1935இன் ஆஷர்ஸ்ட்-சம்னர்ஸ் சட்டம் அதை இன்னும் இறுக்கியது. 1940இல் மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோய் விற்பதே ஏறக்குறைய நின்றுபோனது.

வெளித்தொழிலாளியின் கூலி காப்பாற்றப்பட்டது, சரி. ஆனால் உள்ளே ஆயிரக்கணக்கானவர்கள் சும்மா உட்கார்ந்தார்கள். சும்மா இருப்பது ஓய்வு என்று நினைப்பவர்கள் ஒரு வாரம் பூட்டிய அறையில் சும்மா இருந்து பார்க்கட்டும். கை வேலையை மறக்கும், உடல் தளரும், மனம் பழைய பகைகளையே திரும்பத் திரும்ப மெல்லும். காவலருக்கும் அதைவிட ஆபத்தான கூடம் வேறில்லை.

இந்த முடிச்சை மத்தியச் சிறைத்துறையின் முதல் இயக்குநர் சான்ஃபோர்ட் பேட்ஸ் காலத்தில் ஓரளவு அவிழ்த்தார்கள். 1934இல் சிறைத்தொழில்களுக்கென்று தனி அரசு நிறுவனம் அமைத்தார்கள். செய்த பொருள் வெளிச்சந்தைக்குப் போகாது, அரசு அலுவலகங்களே வாங்கும். எந்த ஒரு தொழிலும் தாங்க முடியாத சுமை ஏற்காதபடி பல தொழில்களாகப் பிரித்துச் செய்ய வேண்டும் என்றும் சட்டத்தில் எழுதினார்கள். குறை இல்லாத ஏற்பாடு என்று நான் சொல்லவில்லை. கூலி குறைவு என்ற குற்றச்சாட்டு இன்றுவரை தொடர்கிறது. ஆனால் வெளியே இருப்பவன் வாயில் மண் போடாமல் உள்ளே இருப்பவன் கைக்கு வேலை கொடுக்கலாம் என்பதை அது காட்டியது.

என்னை மிகவும் தொட்டது வேறொன்று. 1930 மே மாதம், மந்தத்தின் நடுவே, லண்டன் அருகே ஃபெல்தமிலிருந்து தண்டனை பெற்ற இளைஞர்கள் சிலரை வில்லியம் லூவெல்லின் என்ற அதிகாரி கால்நடையாகவே நாட்டிங்காம் வட்டாரத்துக்கு அழைத்துப் போனார். சுற்றுச்சுவர் இல்லாத ஒரு வெற்றிடம். கூடாரத்தில் படுத்து, தாங்கள் தங்கப்போகும் லவ்டம் கிரேஞ்ச் சீர்திருத்த இல்லத்தைத் தங்கள் கையாலேயே கட்டத் தொடங்கினார்கள். பணமுடையும் நம்பிக்கையும் ஒரே நேரத்தில் ஒரு நிர்வாகத்துக்குள் இருக்க முடியும் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்கவில்லை.

சிறைக் காவலர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்கள் சம்பளத்தை வெட்டிவிட்டு, ஆள் எண்ணிக்கையையும் குறைத்துவிட்டு, சிறைவாசிகளிடம் அன்பாக இருங்கள் என்று சுற்றறிக்கை அனுப்பினால் அது செல்லாது.

கடைசியாக வாசல். அன்றைய அமெரிக்காவில் பரோலில் வெளியே போக, வேலை தருகிறேன் என்று ஒரு முதலாளியின் உறுதி வேண்டும். நல்ல காலத்தில் இது நியாயமான நிபந்தனை. நாலில் ஒருவருக்கு வேலை இல்லாத காலத்தில், வெளியே வரலாம் என்று வாரியமே சொன்ன பிறகும், வேலைக் கடிதம் வராததால் ஆட்கள் உள்ளேயே கிடந்தார்கள். பார்க்க வந்துகொண்டிருந்த மனைவியிடம் பயணச் செலவுக்குக் காசில்லை. கடிதத்துக்குத் தபால்தலை இல்லை. மந்தம் வரும்போது இந்த ஒரு நிபந்தனையையாவது தளர்த்துங்கள் என்று அதிகாரத்தில் இருப்போரைக் கேட்டுக்கொள்கிறேன். வேலைக் கடிதத்துக்குப் பதிலாகத் தங்க ஓர் இடம், முதல் சில வாரச் சாப்பாட்டுக்குக் காசு, ஊருக்குப் போக டிக்கெட். இந்த மூன்றையும் கொடுத்து அனுப்புங்கள். ஒருவரை இன்னும் ஓராண்டு உள்ளே வைத்திருக்க ஆகும் செலவில் எத்தனை பேரை இப்படி அனுப்பலாம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வணக்கம்.