நமக்கு ஏற்கெனவே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது

(நாகர்கோவிலில் கல்லூரி ஆசிரியர்கள், பெற்றோர், மாணவர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். நேரம் போதாமல் விட்ட சில விவரங்களை இங்கே சேர்த்திருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். முன்வரிசைப் பெரியவர்களுக்கும், வகுப்பு முடிந்து பையோடு அப்படியே வந்து பின்னால் நிற்கிற பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.

பல துறைகளைக் கலந்து படிக்க விடுகிற ஒரு லிபரல் ஆர்ட்ஸ் பல்கலைக்கழகம் ஓராண்டில் எப்படி வளர்கிறது, இனி என்ன செய்ய நினைக்கிறது, இதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சோனிபட்டில் 2014-ல் தொடங்கிய அசோகா, பெங்களூரின் அசிம் பிரேம்ஜி, ஆந்திராவின் ஸ்ரீ சிட்டியில் இருக்கிற கிரியா, இவற்றைப் பற்றிச் சொல்வேன் என்று நினைத்துச் சிலர் வந்திருப்பீர்கள். அங்கே கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. இயற்பியல் எடுத்த பையன் தத்துவமும் படிக்கலாம், பொருளாதாரம் எடுத்த பெண் இலக்கியமும் படிக்கலாம், எந்தத் துறையாக இருந்தாலும் சொந்தமாக எழுதவும் எதிராளியின் வாதத்தைக் கேட்டுப் பதில் சொல்லவும் பழக்குகிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அசோகாவில் ஒரு வருடத்துக்கு ஆகிற செலவு பல லட்சம். உதவித்தொகை உண்டு, மறுக்கவில்லை. இருந்தாலும் குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவரின் மகளும் கடலுக்குப் போகிறவரின் மகனும் கூட்டம் கூட்டமாகப் போய்ப் படிக்கிற இடமாக அது ஆகும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதனால் நான் வேறு ஒன்றைச் சொல்லப் போகிறேன். அப்படி ஒரு பல்கலைக்கழகம் நம் ஊரில் ஏற்கெனவே இருக்கிறது. ஒரே பெயர்ப்பலகையின் கீழ் இல்லை, அவ்வளவுதான்.

மிஷனரி ரிங்கல்தௌபே 1809-ல் மயிலாடியில் தொடங்கிய செமினரியை, 1818-ல் வந்த சார்லஸ் மீட் நாகர்கோவிலுக்குக் கொண்டுவந்தார். அது 1893-ல் கல்லூரியானது, இன்றைய ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி. 1952-ல் தெற்குத் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி. 1965-ல் ஹோலி கிராஸ். 1973-ல் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரி. கோணத்தில் அரசுக் கலை அறிவியல் கல்லூரி. நகரத்தை விட்டு வெளியே போனால் மார்த்தாண்டத்தில் நேசமணி நினைவுக் கல்லூரி, அகஸ்தீஸ்வரத்தில் விவேகானந்தா, சுங்கான்கடையில் ஐயப்பா மகளிர் கல்லூரி, இன்னும் இருக்கின்றன. ஒன்றில் தாவரவியல் பலமாக இருக்கும், இன்னொன்றில் தமிழ், மற்றொன்றில் வரலாறு. எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பாருங்கள், ஒரு லிபரல் ஆர்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் என்னென்ன துறைகள் வேண்டுமோ அத்தனையும் இந்த மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் ஒரு கல்லூரி மாணவி அடுத்த கல்லூரியின் நூலகத்துக்குள் போய் உட்கார வேண்டுமென்றால் கடிதம் வேண்டும், கையெழுத்து வேண்டும், சில சமயம் தெரிந்தவர் ஒருவர் போனில் சொல்லவும் வேண்டும்.

இந்த மண்ணுக்குக் கல்வி புதிது இல்லை. முஞ்சிறைக்குப் பக்கத்தில் பார்த்திவபுரம் இருக்கிறதே, அங்கே 866-ல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் விஷ்ணு கோயில் கட்டி, கூடவே ஒரு சாலையும், அதாவது தங்கிப் படிக்கிற கல்விக்கூடமும், அமைத்தான். காந்தளூர்ச் சாலையை மாதிரியாக வைத்து ஏற்படுத்தியது. 95 பேர் தங்கிப் படிக்க இடம், அவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று விதிகள், செலவுக்கு நிலம், எல்லாம் செப்பேட்டில் இருக்கிறது. இதைச் சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள் நிறையப் பேர். நானும் பெருமைப்படுகிறேன், ஆனால் அந்த 95 இடமும் வேதம் படிக்கிறவர்களுக்கு மட்டும்தான் என்பதையும் அதே செப்பேடு சொல்கிறது. வயலில் நின்றவர்களுக்கும் கடலுக்குப் போனவர்களுக்கும் அந்தக் கதவு திறக்கவில்லை. ஏறக்குறைய ஆயிரம் வருடம் கழித்துத்தான் இந்தப் பகுதியில் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகள், அதிலும் பெண் பிள்ளைகள், பள்ளிக்கூடத்துக்குள் வந்தார்கள். அது எவ்வளவு சண்டைக்கு நடுவே நடந்தது என்று, மேலாடை போடும் உரிமைக்காகப் பெண்கள் நடத்திய தோள்சீலைப் போராட்ட வரலாறு தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே கல்வி நிலையம் ஒன்றின் வளர்ச்சியைப் பேசும்போது முதலில் கேட்க வேண்டியது, உள்ளே யார் இருக்கிறார்கள், யார் இன்னும் வெளியே நிற்கிறார்கள் என்பதைத்தான்.

அந்தக் கேள்விக்கு இன்று நாம் ஓரளவு நல்ல பதில் சொல்ல முடியும். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்திலேயே முதலிடம் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு, 91.75 விழுக்காடு. உயர்கல்வியில் சேருகிறவர்கள் விகிதம் 2021-22 கணக்குப்படி இந்தியாவுக்கு 28.4 என்றால் தமிழ்நாட்டுக்கு 47. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தருகிற புதுமைப்பெண் திட்டம் 2022-ல் வந்தது, பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024-ல். சரி, பிள்ளைகள் உள்ளே வந்துவிட்டார்கள். வந்தபின் அவர்களுக்கு என்ன நடக்கிறது?

கல்லூரி நாளன்று வாசிக்கிற ஆண்டறிக்கையை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். தேர்ச்சி விழுக்காடு, பல்கலைக்கழக ரேங்க், கல்லூரியின் தரத்துக்கு நாக் அமைப்பு தருகிற கிரேடு, எத்தனை கருத்தரங்கு, என்எஸ்எஸ் முகாம் எந்த ஊரில், கேம்பஸ் இன்டர்வியூவில் எத்தனை பேருக்கு வேலை, புதிய பிளாக்குக்கு அடிக்கல். இதெல்லாம் தேவைதான், இதற்குப் பின்னால் ஆசிரியர்களின் உழைப்பு இருக்கிறது. ஆனால் எனக்குத் தெரிய வேண்டியது வேறு. பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு புத்தகத்தை முழுசாகப் படித்தவர் எத்தனை பேர்? இறுதியாண்டு பிராஜெக்டைத் தட்டச்சுக் கடையில் காசு கொடுத்து வாங்காமல் தானே எழுதியவர் எத்தனை பேர்? முதலாம் ஆண்டில் வாய் திறக்காத பிள்ளை மூன்றாம் ஆண்டில் ஆசிரியரிடம் ‘இது சரியில்லை சார்’ என்று காரணத்தோடு சொன்னதா? இடையில் நின்றவர்கள் யார், ஏன் நின்றார்கள்? பேச்சிப்பாறை மலையில் இருந்து வந்த காணிக்காரப் பிள்ளைகள் எத்தனை பேர் பட்டம் முடித்தார்கள்? இதற்கெல்லாம் அறிக்கையில் ஒரு பக்கம் ஒதுக்கினால் போதும். ஒரு வருடத்தில் எண்ணிக்கை மோசமாக இருக்கும், இருக்கட்டும், அடுத்த வருடம் எங்கே நிற்கிறோம் என்று பார்க்க ஒரு கோடாவது போட்டாயிற்றே.

இனி திட்டம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் ஆம்ஹர்ஸ்ட், ஸ்மித், மவுண்ட் ஹோலியோக், ஹாம்ப்ஷயர் என்று நான்கு கல்லூரிகள், கூடவே ஒரு மாநிலப் பல்கலைக்கழகம். இதில் ஸ்மித்தும் மவுண்ட் ஹோலியோக்கும் பெண்கள் கல்லூரிகள். 1965-ல் இவர்கள் ஒரு கூட்டமைப்பு வைத்துக்கொண்டார்கள். அவரவர் நிர்வாகம் அவரவருக்கு, அவரவர் பெயர் அவரவருக்கு. ஆனால் ஒரு கல்லூரி மாணவர் மற்ற கல்லூரியில் போய்ப் பாடம் படிக்கலாம், கூடுதல் கட்டணம் கிடையாது, அங்கே உள்ள நூலகத்துப் புத்தகத்தை எடுக்கலாம். இவற்றை இணைப்பது என்ன தெரியுமா? பஸ். மாணவர்களுக்குக் காசில்லாமல் ஓடுகிற பஸ். நமக்கு அதுவும் பாதி தயாராக இருக்கிறது, 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. நாகர்கோவிலுக்குள் ஒரு கல்லூரியிலிருந்து இன்னொரு கல்லூரிக்குப் போக ஒரு பாடவேளைகூட ஆகாது.

விதி இடம் கொடுக்குமா என்று கேட்பீர்கள். வேறு நிறுவனத்தில் படித்த பாடத்துக்குக் கிடைத்த கிரெடிட்டைச் சேர்த்துக்கொள்ள, பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2021-லேயே ஏற்பாடு செய்துவிட்டது. தேசியக் கல்விக் கொள்கை விஷயத்தில் நம் மாநிலத்துக்கு மாற்றுக் கருத்து இருக்கிறது, எனக்கும் அதில் ஏற்க முடியாதவை உண்டு. ஆனால் ஒரு பெண் பக்கத்துக் கல்லூரியில் ஒரு பாடம் படிப்பதற்கு அந்த விவாதம் முடிகிறவரை காத்திருக்க வேண்டாம். பார்ட் நான்கில் நான்-மேஜர் எலெக்டிவ் என்று, சொந்தத் துறைக்கு வெளியே எடுக்கிற விருப்பப்பாடம் ஒன்று இருக்கிறதே, பல இடங்களில் பெயருக்கு நடத்தி மார்க் போட்டு முடிக்கிறார்களே, அங்கிருந்து தொடங்கலாம். தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே பாடத்திட்டம் வகுக்கலாம். மற்றவர்கள் திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் கேட்க வேண்டும், கேட்போம். பல்கலைக்கழகம் மாறுவது நமக்குப் பழகிப்போனது, ஸ்காட் கல்லூரியே முதலில் சென்னையின் கீழ், பிறகு திருவிதாங்கூர், 1956-ல் நாம் தமிழ்நாட்டோடு இணைந்தபின் மறுபடி சென்னை, 1966-ல் மதுரை, 1990-ல் நெல்லை என்று போய் வந்திருக்கிறது. அத்தனை மாற்றத்தையும் தாங்கிய கல்லூரிகளுக்கு ஒரு பொதுப் பாடம் பெரிய பாரம் இல்லை.

என்ன பாடம்? என் மனதில் முதலில் இருப்பது பழைய ஆவணம் படிக்கிற பாடம். 1956-க்கு முன் நாம் திருவிதாங்கூரில் இருந்தோம். வீட்டில் பீரோவைத் திறந்தால் தாத்தா காலத்து ஆதாரம், அதாவது சொத்துப் பத்திரம், மலையாளத்தில் இருக்கும், தேதி கொல்லம் ஆண்டில் இருக்கும். கொல்லம் ஆண்டோடு 825 அல்லது 824 கூட்டினால் ஆங்கில வருடம் என்பது கூட இன்று பல பிள்ளைகளுக்குத் தெரியாது. படித்துச் சொல்ல ஆள் இல்லாமல் பாகப்பிரிவினை வழக்குகள் இழுத்துக்கொண்டு கிடக்கின்றன. இதற்கு மொழி தெரிந்தவர் மட்டும் போதாது, நில உடைமை வரலாறு தெரிய வேண்டும், கொஞ்சம் சட்டம், கொஞ்சம் கணக்கு, எடுத்த படங்களை ஒழுங்காகச் சேமிக்கக் கணினி. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையைக் கவிஞர் என்று மட்டும்தான் நாம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். தேரூரில் பிறந்த அந்த மனிதர் கல்வெட்டு படித்தவர், காந்தளூர்ச் சாலை பற்றி ஆராய்ந்தவர், அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகளைத் தேடி எடுத்தவர். நில விற்பனை, வரி மட்டுமில்லை, மனிதர்களை அடிமையாக விற்ற செய்தியும் அந்த ஓலைகளில் இருக்கிறது. அதை வரலாற்று மாணவனும் பொருளாதார மாணவியும் ஒரே மேஜையில் உட்கார்ந்து படித்தால் இந்த ஊரைப் பற்றி அவர்கள் பேசுகிற பேச்சே மாறிவிடும்.

இரண்டாவது கடல். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது தூத்தூர் பகுதியின் ஆழ்கடல் விசைப்படகுகள் பல ஏற்கெனவே வெகுதூரத்தில் இருந்தன, எச்சரிக்கை அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. நீரோடியிலிருந்து இரையுமன்துறை வரை எட்டு ஊர்களில் எத்தனை வீடுகளில் ஆள் திரும்பவில்லை என்பது இங்கே உட்கார்ந்திருக்கிற சிலருக்குச் சொந்த இழப்பு. அதன்பின் செயற்கைக்கோள் வழியாகக் கடலில் எச்சரிக்கை பெற இஸ்ரோவின் நாவிக் கருவி வந்தது. கருவி மட்டும் போதுமா? காற்றழுத்தம் படிக்கத் தெரிய வேண்டும், உடல் கிடைக்காதவரின் குடும்பம் நிவாரணம் வாங்குகிற சட்டம் தெரிய வேண்டும், நீரோட்டம் பற்றி அந்த வயதானவர்கள் சொல்கிறதைப் பதிவுசெய்யத் தெரிய வேண்டும், துக்கத்தில் இருக்கிறவரிடம் எப்படிக் கேள்வி கேட்பது என்றும் தெரிய வேண்டும். இயற்பியல் துறையும் சமூகவியலும் தமிழும் தனித்தனியே இதைச் செய்யவே முடியாது. அந்த எட்டு ஊர்களில் இருந்து வருகிற மாணவர்கள் இந்த வகுப்பில் கேட்கிறவர்களாக மட்டும் இருக்கக் கூடாது, பாதி வகுப்பை அவர்களும் அவர்கள் வீட்டுப் பெரியவர்களும் நடத்த வேண்டும்.

பேச்சிப்பாறைத் தண்ணீர், கன்னிப்பூ, கும்பப்பூ என்கிற இரண்டு நெல் போகங்கள், நாஞ்சில் வயல்கள் மனையாகிப் போவது, இதுவும் ஒரு பாடம்தான், அதைச் சொல்ல என்னைவிடத் தகுந்தவர்கள் இந்த அறையில் இருக்கிறார்கள்.

பணம் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. சிங்கப்பூரில் 2011-ல் யேல்-என்யுஎஸ் என்று பெரிய பெயரோடு ஒரு லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியை உருவாக்கினார்கள். வசதிக்குக் குறைவில்லை, ஆசிரியர்களும் அருமையானவர்கள். 2021 ஆகஸ்டில் மூடப் போவதாக அறிவித்தார்கள், 2025-ல் கடைசி வகுப்பு பட்டம் வாங்கியது. மாணவர்களிடம் கேட்காமலே மேலே எடுத்த முடிவு என்று அங்கே அவ்வளவு வருத்தம். தனியாக, செலவு கூடிய கட்டடமாக நிறுத்துகிற எதற்கும் இந்த ஆபத்து உண்டு. நாம் சொல்கிற திட்டத்துக்குக் கட்டடம் வேண்டாம். ஒரு பொது நூலக அட்டை, ஒரே மாதிரி கால அட்டவணையில் வாரத்துக்கு ஒரு மதியம், அந்த மதியத்தில் வேறு கல்லூரிக்குப் போய்ப் பாடம் எடுக்கிற ஆசிரியருக்கு அதை வேலைநேரமாகக் கணக்கிட ஒப்புக்கொள்கிற நிர்வாகம், இவ்வளவுதான். வளைகுடாவில் இருக்கிற நம் ஆட்கள் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் சர்ச்சுக்கும் தாராளமாகக் கொடுக்கிறார்கள். பார்வையில்லாத மாணவர்களுக்குப் புத்தகம் ஒலிப்பதிவு செய்யவும், பையன்களின் பஸ் கட்டணத்துக்கும் அவர்களிடம் கேட்கலாம் என்று நினைக்கிறேன்.

பெற்றோர்களுக்கு ஒன்று. ‘இதனால் வேலை கிடைக்குமா’ என்று நீங்கள் கேட்பதில் தப்பே இல்லை, கடன் வாங்கிப் படிக்க வைக்கிறவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். ஆவணம் படிக்கத் தெரிந்தவருக்கு வக்கீல் ஆபீசிலும் பதிவு அலுவலகத்துக்கு வெளியிலும் வேலை இருக்கிறது, நாலு பக்கம் தெளிவாக எழுதத் தெரிந்தவருக்கு எங்கேயும் வேலை இருக்கிறது. அதற்கு மேல் உறுதி சொல்ல என்னால் முடியாது, எந்தக் கல்லூரியாலும் முடியாது.

வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். ஆசிரியர்கள் எந்தப் பாடம், வாரத்தில் எந்த மதியம் என்று மட்டும் எழுதினால் போதும். பிள்ளைகளே, நீங்கள் வேறு கல்லூரியில் என்ன படிக்க ஆசைப்படுகிறீர்கள் என்று எழுதுங்கள், துறையையும் வருடத்தையும் சேர்த்து. அடுத்த மாதம் அந்தப் பட்டியலோடு முதல்வர்களைப் பார்க்கப் போகிறோம், உங்களில் ரெண்டு மூணு பேர் கூட வந்தால் நல்லது.