சீட்டு வரலையா, ஆட்டம் வரலையா? செஸ், போக்கர், நடுவுல காசு

[திரையில்: ஒரு மேசை. ஒரு பக்கம் செஸ் போர்டு, இன்னொரு பக்கம் சீட்டுக்கட்டு.]

"அண்ணா, நான் நல்லாத்தாண்ணா ஆடறேன். சீட்டுதான் வர மாட்டேங்குது."

ரெண்டு, மூணு வருஷத்துக்கு முன்னாடி என் சித்தி பையன் என்கிட்ட சொன்னது இது. போன்ல காசு கட்டி போக்கர் ஆடிட்டு இருந்தான். நாலு மாசத்துல 43,000 ரூபாய் போயிருந்தது. அவனோட மாசச் சம்பளம் 19,000. அவன் என்னை ஏமாத்தறதுக்காக அப்படிச் சொல்லல. நெசமாவே தான் நல்லா ஆடறதா நம்பினான். எனக்கு அன்னைக்குப் பதில் சொல்லத் தெரியல.

ஏன்னா நான் சின்ன வயசுலேருந்து செஸ் ஆடறவன். செஸ் ஆடறவங்க வாயிலேருந்து இப்படி ஒரு வாக்கியம் வரவே வராது. அங்க எல்லாக் காயும் எல்லாருக்கும் தெரியுது. யாருக்கும் எதுவும் "வராம" போறதில்ல. அவனுக்கு அன்னைக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்தான் இந்த வீடியோ. கொஞ்சம் நீளமான பதில்.

[திரையில்: சிங்கப்பூர், 2024 டிசம்பர் 12. செஸ் போர்டு, கடைசிக் கட்டம்.]

உலக சாம்பியன்ஷிப்போட 14-வது ஆட்டம். ரெண்டு பேரும் ஆறரைப் புள்ளி. இதுதான் கடைசி. ஒரு பக்கம் நம்ம சென்னைப் பையன் குகேஷ், வயசு 18. எதிர்ல நடப்புச் சாம்பியன், சீனாவோட டிங் லிரென். குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். ஆனா பார்த்துட்டு இருந்த பெரிய ஆட்டக்காரங்க பல பேர் இது டிராதான்னு சொல்லிட்டு இருந்தாங்க.

55-வது நகர்த்தல். டிங் தன் யானையை எஃப்2 கட்டத்துல கொண்டு வந்து வச்சார்.

அவ்வளவுதான். குகேஷ் யானைக்கு யானை வெட்டினார். அடுத்து தன் பிஷப்பை டி5ல நிறுத்தினார். டிங்கோட பிஷப் ஏ8ல, மூலையில நிக்குது. அது போகக்கூடிய ஒரே பாதையை குகேஷோட பிஷப் மறிச்சிடுச்சு. பிஷப்புக்குப் பிஷப்பும் போச்சு. மிச்சம் ராஜாக்களும் சிப்பாய்களும். அந்த நிலையில சிப்பாய் கூட வச்சிருக்கறவர் ஜெயிச்சிடுவார். 58-வது நகர்த்தலோட டிங் தோல்வியை ஒத்துக்கிட்டு கை கொடுத்துட்டார்.

நான் இதைக் காட்டறதுக்குக் காரணம், அந்தத் தப்புக்கு ஒரு முகவரி இருக்கு. 55-வது நகர்த்தல், எஃப்2 கட்டம். உலகத்துல எங்க இருக்கறவரும் அந்த இடத்துக்குப் போய், வேற என்ன ஆடியிருக்கலாம்னு பார்க்கலாம். நீங்களும் நானும் மொட்டை மாடியில ஆடற ஆட்டத்துக்கும் இதே வசதி உண்டு. நீங்க தோத்த ஒவ்வொரு ஆட்டத்துக்குள்ளயும், எந்த இடத்துல தோத்தீங்கங்கறது பத்திரமா இருக்கு.

அதனால செஸ் கத்துக்கறதுக்கு நான் சொல்ற வழி ரொம்பச் சுருக்கமானது. ஒரு நிமிஷ ஆட்டம், மூணு நிமிஷ ஆட்டமெல்லாம் ஆரம்பத்துல வேண்டாம். விரல் பழகும், கண்ணு பழகாது. ஆளுக்கு 15 நிமிஷமாவது வச்சு ஆடுங்க. நகர்த்தல்களை எழுதுங்க. ஆட்டம் முடிஞ்சதும் கம்ப்யூட்டரைக் கேட்கறதுக்கு முன்னாடி, "எங்க கவுந்தது?"ன்னு நீங்களே ஒரு நகர்த்தலைச் சுத்தி வட்டம் போடுங்க. அப்புறம் கம்ப்யூட்டரைக் கேளுங்க. ரெண்டும் ஒத்துப்போக ஆரம்பிக்கறப்ப நீங்க வளர்றீங்கன்னு அர்த்தம். ஓப்பனிங், அதாவது தொடக்க நகர்த்தல்களை மனப்பாடம் பண்றதை விட்டுட்டு, கடைசிக் கட்டத்துலேருந்து தொடங்குங்க. ராணியை வச்சு மேட், அதாவது எதிர் ராஜாவைத் தப்பிக்க வழியில்லாம மடக்கறது, யானையை வச்சு மேட், ராஜாவும் ஒரு சிப்பாயும். சிங்கப்பூர்ல டிங் கவுந்ததும் ராஜா-சிப்பாய் ஆட்டத்துலதான்.

[திரையில்: 200 புள்ளி வித்தியாசம் – 76%. 400 புள்ளி வித்தியாசம் – 91%.]

உங்க பலத்துக்கு ஒரு எண்ணும் உண்டு. அமெரிக்காவுல இயற்பியல் பேராசிரியரா இருந்த ஆர்பாட் ஈலோ கண்டுபிடிச்ச கணக்கு. உலக செஸ் சம்மேளனம் 1970ல அதை எடுத்துக்கிச்சு. என்னைவிட 200 புள்ளி மேல இருக்கறவரோட ஆடினா, நூறு ஆட்டத்துல சுமாரா 76 புள்ளி அவருக்கு. 400 மேல இருந்தா 91. இந்த 91-ஐ ஞாபகம் வச்சுக்கங்க. காசு விஷயம் வர்றப்ப திரும்ப இங்கதான் வரப்போறோம்.

[திரையில்: பச்சைத் துணி. சீட்டு கலைக்கும் கைகள்.]

இப்ப போக்கர். ரம்மி, மூணு சீட்டு ஆடினவங்களுக்கு இதுல பாதி தெரிஞ்ச விஷயம். உலகம் பூரா அதிகமா ஆடறது டெக்சாஸ் ஹோல்டெம். ஆளுக்கு மறைவா ரெண்டு சீட்டு. நடுவுல எல்லாருக்கும் பொதுவா அஞ்சு: முதல்ல மூணு, அப்புறம் ஒண்ணு, கடைசியா ஒண்ணு. இந்த ஏழுல சிறந்த அஞ்சுதான் உங்க கை. நடுவுல நாலு தடவை பந்தயம். எந்தக் கை எதைவிடப் பெரிசுங்கற வரிசையை அரை மணி நேரத்துல மனப்பாடம் பண்ணிடலாம், அதுக்கு நான் வேண்டாம். நான் ஒரே ஒரு கையை, அதாவது ஒரு தடவை சீட்டுப் போட்டு ஆடறதை, நிதானமா காட்டறேன்.

உங்க கையில ஆட்டின் 9, ஆட்டின் 7. நடுவுல ஆட்டின் ராஜா, ஆட்டின் 4, கிளாவர் 10, டைமண்ட் 2. நாலு ஆட்டின் சேர்ந்தாச்சு. இன்னும் ஒண்ணு விழுந்தா ஃப்ளஷ், அதாவது ஒரே சின்னத்துல அஞ்சு சீட்டு, ஜோடியைவிடப் பெரிய கை. எதிராளி ராஜா ஜோடி வச்சிருக்கார்னு வைங்க. இன்னும் ஒரே ஒரு சீட்டு பாக்கி.

காசு வேண்டாம், புளியங்கொட்டை வச்சே ஆடுவோம். நடுவுல 100 கொட்டை இருக்கு. எதிராளி 50 வைக்கறார். நீங்களும் 50 வச்சு கால் பண்ணணுமா, சீட்டைக் கீழ போட்டுடணுமா?

உங்க கண்ணுக்குத் தெரிஞ்சது ஆறு சீட்டு. தெரியாதது 46. அதுல ஆட்டின் 9. ஆக, இதே நிலைமை 46 தடவை வந்தா 9 தடவை ஃப்ளஷ் விழும், 37 தடவை விழாது. விழுந்தா உங்களுக்குக் கிடைக்கறது 150. ஒன்பது தடவைக்கு 1,350. விழலைன்னா போறது 50. முப்பத்தேழு தடவைக்கு 1,850. நிகரம் 500 கொட்டை நஷ்டம்.

இப்ப எதிராளி 50க்குப் பதிலா 20 வச்சிருந்தார்னா? விழுந்தா 120, ஒன்பது தடவைக்கு 1,080. விழலைன்னா 20, முப்பத்தேழு தடவைக்கு 740. 340 கொட்டை லாபம். அதே சீட்டு, அதே எதிராளி. 50 கேட்டா கீழ போடணும், 20 கேட்டா கால் பண்ணணும். கடைசிச் சீட்டுக்கு அப்புறம் வர்ற பந்தயத்தையும் சேர்த்தா கணக்கு கொஞ்சம் நகரும். ஆனா அடிப்படை இதுதான்.

[திரையில்: கடைசிச் சீட்டு மெதுவாகத் திரும்புகிறது. ஆட்டின் ராணி.]

இப்பத்தான் ஆபத்து ஆரம்பிக்குது. நீங்க 50 கொடுத்துத் தப்பா கால் பண்ணீங்க. கடைசிச் சீட்டு ஆட்டின் ராணி. ஃப்ளஷ்! 150 கொட்டை உங்க பக்கம் வருது. பக்கத்துல இருக்கறவன் தோளைத் தட்டறான். தப்பு பண்ணினதுக்கு உங்களுக்குப் பரிசு கிடைச்சிருக்கு. நாளைக்கும் அதையே பண்ணுவீங்க. செஸ்ல ஒரு யானையைச் சும்மா விட்டா, ஓரளவு தெரிஞ்ச எதிராளி உடனே வெட்டிடுவார், அங்கேயே புத்தி வந்துடும். போக்கர்ல அந்தப் புத்தி வர ஆயிரக்கணக்கான கை ஆகலாம்.

எதிர்ப்பக்கமும் இதே கதைதான். ரெண்டு ஏஸ் வர்றது 221 கைக்கு ஒரு தடவை. அதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. எதிர்ல ரெண்டு ராஜா வச்சிருக்கறவரோட கடைசிவரை போனா, அதுலயும் சுமாரா அஞ்சுல ஒரு தடவை தோப்பீங்க. சரியா ஆடியே தோப்பீங்க.

சித்தி பையன் போன்ல பழைய கைகள் அப்படியே பதிவாகியிருந்தது. ஒரு ராத்திரி ரெண்டு பேரும் உக்காந்து 60 கையைப் பார்த்தோம். 41 கையில சீட்டைக் கீழ போடாம காசு வச்சு உள்ள போயிருந்தான். நாலு ஆட்டின், நாலு இஸ்பேட் சேர்ந்த இடத்துலயெல்லாம், எவ்வளவு கேட்டாலும் கால் பண்ணியிருந்தான். முதல் வாரம் ரெண்டு தடவை விழுந்திருக்கு. அந்த ரெண்டுதான் அவனோட வாத்தியார்.

[திரையில்: நியூயார்க், வாஷிங்டன் ஸ்கொயர் பூங்கா. கல்லால் ஆன செஸ் மேசைகள்.]

இப்ப அந்த 91-க்கு வருவோம். செஸ்ல காசு வச்சு ஆடறது புதுசு இல்ல. நியூயார்க் பூங்காக்கள்ல வேகமான ஆட்டம் ஆடி, ஆட்டத்துக்கு இவ்வளவு டாலர்னு சம்பாதிக்கறவங்க ரொம்ப காலமா இருக்காங்க. ஆனா அங்க ஒரு சங்கடம். நூத்துக்கு 91 உங்களுக்குன்னா, எதிராளி மூணாவது ஆட்டத்துல எழுந்து போயிடுவார். அதனால பலமானவர் தன் நேரத்தைக் குறைச்சுக்கணும், இல்ல ஒரு காயை விட்டுக்கொடுக்கணும். போக்கர்ல அப்படி எதுவும் வேண்டாம். அதிர்ஷ்டமே அந்த வேலையைப் பார்த்துக்குது. பலவீனமானவர் இன்னைக்கு ஜெயிப்பார், அதனால நாளைக்கும் வருவார். போக்கர் மேசைல காசு புரள்றதுக்கு இதுதான் காரணம். ஜெயிக்கற நம்பிக்கையை அதிர்ஷ்டம் உயிரோட வச்சிருக்கு.

செஸ்லேருந்து போக்கருக்குப் போய்ப் பெரிசா ஜெயிச்சவங்களும் உண்டு. 1995ல லாஸ் வேகஸ் உலகப் போக்கர் தொடரோட முக்கியப் போட்டியை ஜெயிச்ச டான் ஹாரிங்டன் ஒரு செஸ் மாஸ்டர். நியூயார்க் பூங்காவுல செஸ் ஆடிட்டு இருந்த இலோன் ஷ்வார்ட்ஸ் 2008ல அதே போட்டில நாலாவது இடம். அப்ப உலக செஸ் சாம்பியனா இருந்த மேக்னஸ் கார்ல்சன் 2022ல டப்ளின்ல நடந்த நார்வே போக்கர் சாம்பியன்ஷிப்ல ஆயிரத்துக்கு மேற்பட்டவங்கள்ல 25-வதா வந்தார். செஸ்ல அவர் 25-வதா வந்தா தலைப்புச் செய்தி. போக்கர்ல அது ரொம்ப நல்ல முடிவு.

ஆனா இவங்களைப் பார்த்துட்டு யாரும் வேலையை விட்டுடாதீங்க. மேசைக்கு வாடகை ஒண்ணு இருக்கு, ரேக்னு பேரு. ஒரு உதாரணம் போடறேன். அஞ்சு பேர், ஆளுக்கு 1,000 ரூபாய், மொத்தம் 5,000. சராசரியா ஒரு கைக்கு நடுவுல 200 ரூபாய் சேருது. நடத்தறவர் அதுல 5 சதவீதம், 10 ரூபாய் எடுத்துக்கறார். மணிக்கு 30 கைன்னா 300 ரூபாய். அஞ்சு பேரும் சமபலம்னாக்கூட, 17 மணி நேரத்துக்குள்ள அந்த 5,000 மொத்தமும் நடத்தறவர் கைக்குப் போயிடும். போன்ல கை இன்னும் வேகமா வரும். சித்தி பையனோட 43,000ல கணிசமான பங்கு எதிராளிக்குப் போகல, இப்படித்தான் போயிருக்கு.

சட்டம் என்ன சொல்லுது? தமிழ்நாட்டு அரசு 2022ல கொண்டு வந்த சட்டத்துல ரம்மியும் போக்கரும் தடைப் பட்டியல்ல இருந்தது. 2023 நவம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம், அது ரெண்டும் திறமை ஆட்டம்னு சொல்லி அந்தப் பகுதியை ரத்து பண்ணிடுச்சு. அப்புறம் 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டுச்சு. திறமையோ அதிர்ஷ்டமோ, காசு கட்டி ஆடற இணைய விளையாட்டை நடத்தறதும் விளம்பரம் பண்றதும் குற்றம். நான் இந்தச் சட்டத்தை வரவேற்கறேன். போக்கர் திறமை ஆட்டம்தான், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா அந்தத் திறமை தனக்கு இல்லங்கறதைக் கண்டுபிடிக்கவே ஒருத்தருக்கு ஒரு வருஷச் சம்பளம் செலவாகுதுன்னா, ராத்திரி ரெண்டு மணிக்குத் தனியா போனைப் பிடிச்சுட்டு உக்காந்திருக்கறவனுக்கு அந்தச் சொல்லால என்ன பிரயோஜனம்?

செஸ்ல காசு கட்டணும்னா நேர்ல நடக்கற போட்டிக்கு நுழைவுக் கட்டணம் கட்டுங்க. ஸ்விஸ் முறைல தோத்தவரை வெளிய அனுப்ப மாட்டாங்க, தோத்தவரோட சேர்த்து அடுத்த சுற்றுக்கு உக்கார வைப்பாங்க. சுற்று போகப் போக உங்க பலத்துக்கு ஏத்த ஆள் எதிர்ல வருவார். பரிசு வராட்டியும் கொடுத்த காசுக்குப் பாடம் வந்துடும்.

[திரையில்: ஒரு கூடம். பாய். ஐந்து பேர், நடுவில் புளியங்கொட்டைக் குவியல்.]

போக்கரைப் புளியங்கொட்டைலயே கத்துக்கலாம். ஒரு சிக்கல் உண்டு: கொட்டைக்கு மதிப்பு இல்லன்னு எல்லாரும் எல்லாத்துக்கும் கால் பண்ணுவாங்க. அதுக்கு நாங்க ஒரு வழி வச்சிருக்கோம். மாசத் தொடக்கத்துல ஆளுக்கு 500 கொட்டை. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் மிச்சத்தை எண்ணி எழுதிடுவோம், நடுவுல புதுசா கிடையாது. மாசக் கடைசில கம்மியா வச்சிருக்கறவங்க அன்னைக்கு எல்லாருக்கும் சமைக்கணும், பாத்திரமும் தேய்க்கணும். ரெண்டாவது வாரமே எல்லாரும் சீட்டைக் கீழ போடக் கத்துக்கிட்டாங்க.

கூடவே ஒரு நோட்டு. செஸ்ல போர்டு செய்யற வேலையைப் போக்கர்ல இந்த நோட்டுதான் செய்யணும். என்ன சீட்டு, எவ்வளவு கேட்டாங்க, நான் என்ன பண்ணினேன், ஏன் பண்ணினேன். ஜெயிச்சேனா தோத்தேனாங்கறதை மறுநாள் காலைல, கடைசிக் கட்டத்துல எழுதணும். அதை முதல்லயே எழுதினா மத்த மூணையும் அதுக்கேத்த மாதிரி மாத்தி எழுதிடுவோம்.

சித்தி பையன் இப்ப ஞாயித்துக்கிழமை எங்களோடதான் உக்கார்றான். போன வாரம் அவன் நோட்டைப் புரட்டினேன். இஸ்பேட் நாலு சேர்ந்த ஒரு கை. நடுவுல 80 கொட்டை, கேட்டது 60. கால் பண்ணியிருக்கான். அதுக்குக் கீழ, மறுநாள் காலைல அவன் கையெழுத்துல ரெண்டு வரி:

"கால் பண்ணது தப்பு.
ஜெயிச்சேன்."