சொட்டு வராத நாட்கள்

(பாளையங்கோட்டையில், அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

தம்பி தங்கைகளே,

தோற்ற பிறகு எழுந்திருப்பதைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டார்கள். அதை நான் எங்கே கற்றேனோ அங்கிருந்துதான் பேச முடியும். பதநீர் இறக்கப் பனையின் பூங்கொத்தை, அதாவது பாளையைச் சீவுவதைப் பற்றிப் பேசப் போகிறேன்.

உடன்குடிப் பக்கம், செம்மணல் தேரிக்காடு என் ஊர். 1986-இல் தூத்துக்குடி தனி மாவட்டம் ஆனது. அதுவரை நாங்களும் திருநெல்வேலி ஜில்லாதான். அப்பா பனையேறி. பங்குனி, சித்திரையில் விடியுமுன் கிளம்பி முப்பது பனை ஏறுவார். அந்தியில் மறுபடி அதே முப்பது.

பாளை வெளியே வந்ததும் பதநீர் சொட்டிவிடாது. முதலில் அதை இடுக்கியால் பதமாக நசுக்க வேண்டும். அழுத்தம் கூடினால் பாளை கெட்டுவிடும். பிறகு நுனியைச் சீவ வேண்டும். மறுநாளும் ஏறி நசுக்கி, சீவ வேண்டும். அதற்கடுத்த நாளும் அப்படியே. அந்த முதல் நாட்களில் ஒரு சொட்டு வராது. ஆனால் மரத்தின் உயரம் குறைவதில்லை, நெஞ்சுத்தோல் உரசுவதும் குறைவதில்லை. வெறுங்கலயத்தோடு இறங்கி வரும் அப்பாவைப் பார்த்து, “ஏம்ப்பா, ஒண்ணும் வராதுன்னு தெரிஞ்சும் ஏறுதிய?” என்று கேட்டிருக்கிறேன். “இன்னைக்கு ஏறாட்டா என்னைக்குமே வராதுலே” என்பார்.

பாளை ஊறத் தொடங்கிய பிறகும் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் தோல் அளவு மெல்லிசாகத்தான் சீவ வேண்டும். இன்றைக்கே நிறைய வேண்டும் என்று தடிமனாக அரிந்தால் பருவம் முடியுமுன் பாளை தீர்ந்துபோகும். சீவாமல் விட்டாலோ வாய் அடைத்துக் காய்ந்துபோகும். ஒரே வாரத்தில் ராத்திரி பகலாகப் படித்துவிட்டு, அடுத்த மாதம் புத்தகத்தைத் தொடாமல் கிடக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தடித்த சீவல்தான் ஞாபகம் வரும். படிக்கிற நேரம் குறைவாக இருந்தாலும் குற்றமில்லை, ஆனால் அது நாளைக்கும் இருக்க வேண்டும்.

ஒரு சித்திரையில் அப்பாவுக்குக் கடும் காய்ச்சல். எட்டு நாள் எழுந்திருக்கவில்லை. பாளைகள் எல்லாம் போயிற்று என்று அம்மா அழுதாள். ஆனால் அடுத்த விளையில், அதாவது பக்கத்துத் தோப்பில், ஏறிக்கொண்டிருந்த மாமா ஒருவர், தன் மரங்களை முடித்துவிட்டு எங்கள் மரங்களிலும் ஏறிச் சீவிவிட்டுப் போயிருக்கிறார். யாரும் கேட்கவில்லை, கூலியும் வாங்கவில்லை. மனஉறுதி என்றால் தனியாகப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பது என்று நினைத்திருந்தேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று அந்த எட்டு நாளில் தெரிந்துகொண்டேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியதே, அப்போது உங்களில் பலருக்குப் புத்தகம், சான்றிதழ் எல்லாம் சேறாயிருக்கும். அன்றைக்குச் சோறு கொண்டுவந்தவர்களை நினைத்துப் பாருங்கள். உதவி கேட்க வெட்கப்படாதீர்கள்.

நானும் உங்களைப் போல் தேர்வு எழுதியவன்தான். மூன்று முறை தவறினேன். நான்காம் முறையும் தேறவில்லை. ஆசிரியர் பயிற்சிக்குப் போய், 31 ஆண்டு கணக்கு சொல்லிக்கொடுத்தேன். விடாமல் முயன்றால் கேட்டது கிடைக்கும் என்று உங்களிடம் நான் சொல்ல மாட்டேன், எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அந்த நான்கு வருடத்தில் படிந்த காலைப் படிப்பு, வகுப்புக்கு முந்தின நாளே கணக்கைப் போட்டுப் பார்க்கும் பழக்கமாக 31 வருடமும் என்னோடு இருந்தது.

நம் மண்ணின் வ.உ.சி.யை எடுத்துக்கொள்ளுங்கள். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி. 1908-இல் கைது, இரண்டு ஆயுள் தண்டனை, மொத்தம் 40 ஆண்டு. மேல்முறையீட்டில் அது குறைந்து, 1912 முடிவில் விடுதலையானார். கோவைச் சிறையில் செக்கிழுத்ததைச் சொல்லி நாம் கண்ணீர் விடுகிறோம். எனக்கோ அதற்குப் பிந்தைய வ.உ.சி.தான் பெரியவர். வெளியே வந்தபோது கம்பெனி இல்லை, வக்கீல் தொழில் செய்யும் உரிமை இல்லை, கையில் காசும் இல்லை. அந்த உரிமையைத் திரும்பப் பெற உதவிய ஆங்கிலேய நீதிபதி வாலஸின் நினைவாக, மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். தன்னைச் சிறைக்கு அனுப்பிய அரசின் ஆள் என்று கசப்பை வளர்க்காமல், நன்றியை நன்றியாகவே வைத்துக்கொண்ட மனசு அது. கோவில்பட்டியில் வழக்காடினார். தொல்காப்பியத்தின் இளம்பூரணர் உரையை ஏடு பார்த்துப் பதிப்பிக்கும் பொறுமையான வேலையிலும் இறங்கினார். கப்பல் திரும்பி வரவில்லை. 1936-இல் மறையும்வரை வறுமையும் முழுதாக விடவில்லை. அவர் வேலையை விடவில்லை.

கார்த்திகை, மார்கழியில் அப்பா பதநீருக்கு ஏறுவதில்லை. அரிவாள் தீட்டுவார், கலயம் பார்ப்பார், காய்ந்த மட்டையைக் கழிப்பார், மத்தியானம் நன்றாகத் தூங்குவார். தேர்வு முடிவு வந்த மறுநாளே அடுத்த புத்தகத்தைத் திறக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அழுகை வந்தால் அழுங்கள். நாலு நாள் தூங்குங்கள். பிறகு அரிவாளைத் தீட்டலாம்.

போன தேர்வில் தவறியவர்கள் கூட்டம் முடிந்ததும் கிளம்பிவிட வேண்டாம். வினாத்தாளைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். கணக்குப் பகுதியில் எங்கே விட்டது என்று உட்கார்ந்து பார்ப்போம். கடைசிப் பேருந்து ஒன்பதரைக்கு என்றார்கள், நேரம் இருக்கிறது.