உடம்பு பொய் சொல்லக் கூடாது

(குன்னூரில் ஆசிரியர்களும் பெற்றோரும் கூடிய அவையில் ஆற்றிய உரை)

அவைக்கு வணக்கம்.

தேயிலைத் தோட்டத்தில் காட்டுமாடு நின்றால் சத்தம் போடாமல் ஒதுங்கி நடக்க நம் மலைப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆவுளியா, அதாவது கடல்பசு என்றால் விழிப்பார்கள். கடலையே பார்க்காத பிள்ளைகள் பலர். 'கடல்பசு ஒரு பாலூட்டி' என்ற வரி தேர்வோடு மறந்துபோகும். அதனால்தான் கடல் பிராணிகளை மாயக் கதை வழியாகச் சொல்லிக்கொடுங்கள் என்கிறேன்.

"பொய்க் கதை அறிவியலைக் கெடுக்காதா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. என் விதி ஒன்றுதான். பிராணி பேசலாம், பாடலாம், மந்திரம் போடலாம். அதன் உடம்பு மட்டும் பொய் சொல்லக் கூடாது.

ஆவுளியா இளவரசி ஒருத்தி கடலடியில் அரண்மனை கட்டிக்கொள்ளட்டும். ஆனால் சில நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சு வாங்க மேலே வந்தாக வேண்டும். எதிரிக்குப் பயந்து ஒளிந்திருக்கிறாள், மூச்சு முட்டுகிறது, மேலே போனால் பிடிபடுவாள். கதை தானாக ஓடும். வலையில் சிக்கினால் என்ன ஆகும் என்று நீங்கள் சொல்லும் முன்பே பிள்ளை பதறிவிடும்.

குட்டிக்குப் பால் கொடுக்கும் காம்பு துடுப்புக்கு அடியில், நமக்கு அக்குள் இருக்கும் இடத்தில் இருக்கிறது. அதைச் சரியாகச் சொல்லுங்கள். அவள் கடற்புல்லை வேரோடு பிடுங்கி மேய்வதால் மணலில் நீளத் தடம் விழும். வழி தவறிய குட்டி அந்தத் தடத்தைப் பிடித்துத் தாயைத் தேடலாம். கடற்புல் பாசி அல்ல, தண்ணீருக்குள்ளேயே பூக்கிற செடி. வெளிச்சம் இல்லாவிட்டால் வளராது. வில்லன் அரண்மனையை இடிக்கவே வேண்டாம், தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருந்தால் போதும், ராஜ்ஜியமே பட்டினி கிடக்கும்.

துரத்தல் காட்சிக்கு ஆக்டோபஸ், அதாவது பேய்க்கணவாய். அதற்கு மூன்று இதயங்கள். நீந்தும்போது, உடம்புக்கு ரத்தம் அனுப்பும் இதயம் நின்றுவிடும், சீக்கிரம் களைத்துப்போகும். ஆகவே வெகுதூரம் ஓடவிடாதீர்கள், பாறையிடுக்கில் நிறம் மாறி ஒளியட்டும். கடல்குதிரையில் வயிற்றுப் பையில் சுமந்து குஞ்சுகளைப் பெறுவது அப்பா.

கதை முடிந்ததும், "இதில் எது நிஜம்?" என்று கேளுங்கள். இதை மட்டும் தவறவிடாதீர்கள். மந்திரக்கோலைப் பொய் என்பார்கள். மூன்று இதயத்தையும் பொய் என்றே தள்ளுவார்கள். அப்போது படத்தைக் காட்டுங்கள். கண் விரியும் அந்த நேரத்தில் கற்றது தேர்வுக்குப் பிறகும் நிற்கும்.

பிறகு வரைபடத்தை விரியுங்கள். 2022 செப்டம்பரில் தமிழக அரசு பாக் விரிகுடாவில், தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரமாக 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவிலேயே முதலாவது. நம் குன்னூர் ஆறு பவானியில் சேர்கிறது, பவானி கூடுதுறையில் காவிரியோடு கலக்கிறது, காவிரி பூம்புகாரில் கடலில் விழுகிறது. அங்கிருந்து தெற்கே போய்க் கோடியக்கரையைச் சுற்றினால் பாக் விரிகுடா.

இந்தப் பயணத்தைப் பிள்ளைகளே கதையாக எழுதட்டும். பவானிசாகரையும் கல்லணையையும் தாண்ட மந்திரம் தேவைப்படும், தாராளமாக வைத்துக்கொள்ளட்டும். கோடியக்கரை தாண்டிச் சந்திக்கும் பிராணி ஒவ்வொன்றையும் நூலகத்தில் தேடிப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். அந்தக் கதைகளை எனக்கும் அனுப்புங்கள், ஒன்று விடாமல் படிக்கிறேன்.