தண்ணீர் குடிக்கிற வண்டி

நேயர்களுக்கு வணக்கம். மோட்டார் சைக்கிளுக்கு ஈய பேட்டரிக்குப் பதிலாக லித்தியம் பேட்டரி போடலாமா என்பது பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இப்போதும் கும்பகோணம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனால், பந்தியில் பக்கத்து இலைக்காரர் இதைத்தான் கேட்கிறார். நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: "உங்க வண்டி எத்தனை வோல்ட்டில் சார்ஜ் பண்ணுது?" அவர் பேசாமல் பாயசத்துக்குத் திரும்பிவிடுவார்.

பேட்டரியைக் கழற்றி மாட்டுவது ஒன்றும் பெரிய வேலை இல்லை. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் யாரும் செய்துவிடலாம். பார்க்க வேண்டியது வண்டியின் சார்ஜிங்கை. இன்ஜின் ஓடும்போது உள்ளே காந்தம் சுற்றி கரண்ட் உண்டாகிறது. வண்டி வேகம் எடுத்தால் அதுவும் ஏறும். அதை ஒரே திசையில் ஓடும் டிசி கரண்ட் ஆக்கி, அளவுக்கு மேல் போகாமல் கட்டுப்படுத்தி பேட்டரிக்கு அனுப்புவது ரெகுலேட்டர். வரி வரியாக இருக்கும் சின்ன அலுமினியப் பெட்டி. சேற்றில் நனைந்து, யார் கண்ணிலும் படாமல் எங்கேயோ ஒரு மூலையில் தொங்கும். லித்தியம் பேட்டரியின் ஆயுள் அந்தப் பெட்டியின் கையில் இருக்கிறது.

மன்னார்குடி பக்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன். நேரம் கொஞ்சம் பிடிக்கும், பரவாயில்லை. என்னிடம் படித்த பையன் ஒருவன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். வீட்டில் அவன் ஆசைப்பட்டு வாங்கிய பழைய புல்லட் நிற்கிறது. லீவில் வரும்போதெல்லாம் பேட்டரி செத்துக் கிடக்கும். லித்தியம் சும்மா கிடந்தாலும் சார்ஜ் அவ்வளவாக இறங்காது என்று யாரோ சொல்ல, வாங்கி மாட்டிவிட்டான். சொன்னது உண்மைதான், அதில் தப்பில்லை.

மாட்டின சில நாளில் ஹெட்லைட் பல்ப் போனது. புதுசு போட்டான், அதுவும் போனது. அப்புறம் ஒரு காலையில் சாவியைத் திருப்பினால் வண்டியில் ஒன்றுமே இல்லை. செல்ஃப் பட்டனை அமுக்கினால் டிக் என்ற சத்தம்கூட வரவில்லை. "சார், பேட்டரி டூப்ளிகேட் சார். கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்று எனக்கு போன் பண்ணினான். போனேன். கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தான்.

அவன் அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டிஸ்டில்டு வாட்டர் கேன். "வாத்தியாரே, புது பேட்டரிக்கு மூடியே இல்லையே, எங்க தண்ணி ஊத்துறது? பழசு மாசம் ஒரு தடவை குடிச்சுப்புடும். இது தண்ணி குடிக்கிற வண்டி" என்றார்.

எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும். பழைய ஈய பேட்டரியை சார்ஜ் ஏற்றித் திரும்ப மாட்டி, இன்ஜினை ஓடவிட்டு, வோல்ட் அளக்கும் மல்டி மீட்டரை வைத்தேன். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கினால் 15.7 வோல்ட். ஒரு முறை மாற்றிப் போட்ட ரெகுலேட்டர் அது, பெயர் இல்லாத மலிவுச் சரக்கு.

என்ன நடந்தது என்று பாருங்கள். ஈய பேட்டரிக்கு அளவுக்கு மீறி சார்ஜ் போனால், உள்ளே இருக்கும் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து போய்விடும். பெரியவர் ஊற்றி ஊற்றி அதைச் சரிக்கட்டிக்கொண்டிருந்தார். வண்டியின் நோய் வெளியே தெரியாமல் இருந்தது அதனால்தான். லித்தியத்தில் ஊற்றித் தணிக்கத் தண்ணீர் இல்லை. வண்டிக்கு வரும் வகை பெரும்பாலும் லித்தியம் இரும்பு பாஸ்பேட். உள்ளே நாலு செல். ஒன்றுக்கு 3.65 வோல்ட்தான் எல்லை. நாலும் சேர்ந்து 14.6. அதைத் தாண்டிப் போனால் உள்ளே இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் பேட்டரியைத் துண்டித்துக்கொள்ளும். இன்ஜினோ ஓடிக்கொண்டிருக்கிறது. வருகிற கரண்டை வாங்கிக்கொள்ள பேட்டரி இல்லை. அது நேரே பல்புக்குப் போனது. பல்ப் அதனால் போனது. புதிய வண்டியாக இருந்தால் பல்போடு நிற்காது, இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான இசியு வரை போகும்.

நல்ல ரெகுலேட்டர் ஒன்று போட்டோம். மீட்டர் 14.2 காட்டியது. அதே "டூப்ளிகேட்" பேட்டரியை அதற்குரிய சார்ஜரில் வைத்து ஏற்றி மாட்டினோம், ஓடுகிறது. பெரியவருக்குத்தான் மாசா மாசம் பார்த்த வேலை போய்விட்டது.

அதனால், மறுபடி சொல்கிறேன், உங்கள் வண்டி மாசம் ஒரு தடவை தண்ணீர் கேட்கிறதா? முதலில் ரெகுலேட்டரைப் பாருங்கள். சீல் வைத்த பேட்டரியாக இருந்தால் தண்ணீர் தெரியாது, மீட்டர்தான் சொல்லும். மீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். பேட்டரியின் பிளஸ்ஸில் சிவப்பு, மைனஸில் கறுப்பு. இன்ஜின் ஓடட்டும், ஹெட்லைட் எரியட்டும். வேகத்தைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். 13.8க்கும் 14.4க்கும் நடுவில் நின்றால் நல்லது. 14.6ஐத் தாண்டினால் பேட்டரிக் கடை பக்கமே போக வேண்டாம்.

அதே மீட்டர் லித்தியத்தில் வேறு விதமாக ஏமாற்றும். வண்டி ஓய்வில் நிற்கும்போது ஈய பேட்டரி 12.7 காட்டினால் ஃபுல் சார்ஜ் என்று மெக்கானிக் சொல்வார், சரிதான். லித்தியம் அதே 12.7 காட்டினால் கிட்டத்தட்ட காலி. அது நிறைந்திருந்தால் 13.3க்கு மேல் நிற்கும். கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிற பழக்கமும் அதற்கு இல்லை. ஈய பேட்டரி சாகும்முன் ஜாடை காட்டும். ஹாரன் கம்மும், இண்டிகேட்டர் சோம்பலாக மினுக்கும். லித்தியம் கடைசி வரை தெம்பாக இருந்துவிட்டு, ஒரேயடியாகப் படுத்துவிடும்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன்? 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது, நம் ஊர்களில் எத்தனை நாள் கரண்ட் இல்லை என்று உங்களுக்கே தெரியும். பைக் பேட்டரியில் போனுக்குச் சார்ஜ் ஏற்றியவர்கள் எத்தனையோ பேர். ஹெட்லைட் மங்குவதைப் பார்த்து அப்போது நிறுத்திக்கொள்ள முடிந்தது. லித்தியத்தில் அந்த மங்கல் வராது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வண்டிகளில் பெரும்பாலும் இன்ஜினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்ப்பே கரண்டில்தான் ஓடுகிறது. பேட்டரி முழுசாகப் போனால் தள்ளி ஸ்டார்ட் பண்ணுவதும் நடக்காது.

இந்த வேதியியல் எல்லாம் எங்கேயோ வெளிநாட்டு விஷயம் என்று நினைக்காதீர்கள். ஈய பேட்டரி 1859இல் பிரான்சில் பிளாண்டே செய்தது. லித்தியம் ஆராய்ச்சிக்கு 2019இல் மூன்று பேருக்கு நோபல் பரிசு. அது இருக்கட்டும். பேட்டரி ஆராய்ச்சிக்குத் தங்கள் ஆயுளையே கொடுத்த விஞ்ஞானிகள் நம் டெல்டாவை ஒட்டிய காரைக்குடியில் இருக்கிறார்கள். மத்திய மின்வேதியியல் ஆய்வகம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் உருவான நிறுவனம், 1953இல் திறந்தார்கள். அந்த வழியாக பஸ்ஸில் போகிறவர்களில் பாதிப் பேர் அதை ஏதோ ஒரு காலேஜ் என்று நினைக்கிறார்கள். எனக்கு அதில் தீராத வருத்தம். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

யாருக்கு லித்தியம்? திருவையாற்றிலிருந்து தினம் தஞ்சாவூருக்கு நூறு சிசி வண்டியில் வேலைக்குப் போகிறவருக்கு அவசியமே இல்லை. சீல் வைத்த ஈய பேட்டரி போதும், விலையும் குறைவு. மாசக்கணக்கில் வண்டியை நிறுத்திவிட்டு வெளியூர் போகிறவருக்குப் பிரயோஜனம் உண்டு. அவரும் மைனஸ் வயரைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும். எடை ஒரு லாபம். ஈயம் நாலு கிலோ இருக்கும் இடத்தில் இது ஒரு கிலோ சொச்சம். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி உப்புக்காற்றில் ஈய பேட்டரியின் டெர்மினல் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடக்குமே, அந்த ஆசிட் தொல்லை இதில் இல்லை. நட்டு துருப்பிடிப்பது மட்டும் அப்படியே இருக்கும், கிரீஸ் தடவுங்கள்.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள், சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பெட்டியில் ஈயத்துக்குச் சமம் என்று போட்டிருக்கும் ஆம்பியர் அவர் எண்ணை, அதாவது பேட்டரி எவ்வளவு கரண்ட் சேமிக்கும் என்ற எண்ணை, நம்ப வேண்டாம், உண்மையான அளவு அதைவிடக் குறைவாக இருக்கும், கேட்டு வாங்குங்கள். பேட்டரி சின்னது, பெட்டிக்குள் ஆடும், கூட வரும் ஸ்பாஞ்சை வைத்து இறுக்குங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். ஈயத் தகட்டில் படியும் சல்பேட்டை நீக்கும் பழைய சார்ஜரை இதில் மாட்டவே கூடாது. உப்பியிருந்தால் உடனே கழற்றி, வீட்டுக்கு வெளியே வையுங்கள். பழைய பேட்டரியை இரும்புக்காரரிடம் போடாமல் வாங்கிய கடையிலேயே கொடுங்கள், 2022இல் வந்த விதிப்படி அதைத் திரும்ப எடுப்பது தயாரிப்பாளர் பொறுப்பு. சோலார் பற்றியும் சொல்ல வேண்டும் என்று எழுதி வந்தேன், அதற்கு நேரமில்லை. வணக்கம்.