பனிமானின் காதும் கொலைக்கதையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வரவேற்புரை வழங்கிய செயலாளர் அவர்களே, வேலைநாள் மாலையிலும் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் நூலக அலுவலர் அவர்களே, மொழிபெயர்ப்பாளப் பெருமக்களே, வாசக நண்பர்களே, வணக்கம்.

'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்.' துப்பறியும் கதைக்கு இதைவிட நல்ல இலக்கணம் இல்லை. ஸ்வீடன் 2000இல் ஐந்து மக்களைத் தேசியச் சிறுபான்மையினராக ஏற்றது. அவர்களில் யூதர், ரோமா, சாமி ஆகிய மூவரும் அந்நாட்டுக் குற்றப் புனைவில் எப்படி வருகிறார்கள் என்று பேச வந்தேன். ஸ்காண்டிநேவியாவின் வடபகுதிப் பழங்குடியினரான சாமி மக்களிடமிருந்து தொடங்குகிறேன்.

ஆன்-ஹெலன் லெஸ்டாடியுஸ் சாமி வேர் கொண்ட எழுத்தாளர். 2021இல் வந்த அவருடைய நாவலின் பெயருக்கு 'திருட்டு' என்று பொருள். ஒன்பது வயது எல்சா, தன் பனிமான் குட்டியை ஒருவன் கொல்வதைப் பார்த்துவிடுகிறாள். அவன் மிரட்ட, வாயை மூடிக்கொள்கிறாள். புகார் கொடுத்தால் காவல்துறை அதைத் திருட்டு என்றே எழுதுகிறது. பனிமான் உடைமை, ஆகவே அதைச் சித்திரவதை செய்து கொன்றாலும் திருட்டுதான். கோப்பு தூங்கிவிடும்.

காதுக் குறியைத் தெரிந்துகொண்டால்தான் இந்தக் கொடுமை புரியும். கோடையில் மந்தையை வளைத்து, குட்டிகளின் கழுத்தில் எண் மாட்டி விடுவார்கள். எந்தக் குட்டி எந்தத் தாயிடம் போகிறது என்று பொறுமையாகப் பார்ப்பார்கள். பிறகு இரு காது ஓரங்களிலும் கத்தியால் வெட்டு. வெட்டின் வடிவமும் இடமும் சேர்ந்ததே உரிமையாளரின் பதிவுக் குறி. காதை அறுத்தெடுத்துவிட்டால் மான் யாருடையது என்று காட்ட வழியில்லை. தீர விசாரிக்க வேண்டியவர் கையில் ஆதாரமே இருக்காது.

வெளியிலிருந்து எழுதுவோர் பலர் இதைத் தொடுவதில்லை. மந்திர மேளம், யோய்க் எனும் சாமி மரபுப் பாட்டு, பனிப்புயல், வாய் திறக்காத கிழவர் என்று நிறுத்திக்கொள்கிறார்கள். ஸ்வீடனில் சாமி மக்களில் பெரும்பாலோர் மான் மேய்ப்பவரே அல்லர். ஆசிரியையும் செவிலியும் வழக்கறிஞரும் கதைக்குள் எங்கே போனார்கள்? இன்னொன்று: "உங்களிடம் எத்தனை மான்?" என்று கதையில் காவலர் கேட்டால், வங்கியில் எவ்வளவு பணம் என்று கேட்பதற்குச் சமம். அதை நாகரிகமற்ற கேள்வியாகவே மொழிபெயர்ப்பாளர் உணர்த்த வேண்டும்.

இங்கிருக்கும் பதிப்பாளர்களிடம் என் கோரிக்கை இதுதான். சாமி மக்களைக் குறிக்கப் புவியியல் பாடத்தில் நாம் படித்த 'லாப்' என்ற சொல் அவர்களுக்கு இழிசொல். பகைப்பாத்திரம் பேசினால் அப்படியே விடுங்கள். கதைசொல்லியின் நடையில் வந்தால் 'சாமி மக்கள்' என்று எழுதுங்கள். நம் காதுக்குச் சாமி என்றால் கடவுள்தான், அதனால் 'மக்கள்' என்ற சொல்லை விடவேண்டாம். வட ஸ்வீடனிலுள்ள கீருனா நகருக்கு கிரோன் என்று சாமி மொழியில் ஒரு பெயர் உண்டு. முதல் பக்கக் குறிப்பில் அதையும் அச்சிடுங்கள்.